பையை யார் பார்த்துக்கொள்வது?

மூன்று வருடத்துக்கு முன்னால் நம்மூர்ப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். பூங்காவின் பெயர் வேண்டாம். தப்பு அவர்கள் மேல் இல்லை, எங்கள் மேல்தான். அன்றைக்கு எடுத்த படங்கள் இருநூற்றுச் சொச்சம் இன்னும் போனில் கிடக்கின்றன. அதில் என் அம்மா இருப்பது ஒன்றே ஒன்றில். அதுவும் அம்மாவை எடுத்த படமில்லை. கொலம்பஸ் கப்பலில் கையைத் தூக்கிக்கொண்டு கத்தும் பெரியவனை எடுத்தேன். கீழே மூலையில், வேப்பமரத்தடியில், ஐந்து பைகளுக்கும் ஒரு குவியல் செருப்புக்கும் நடுவே அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

காலை 11 மணிக்கு உட்கார வைத்தோம். சாயங்காலம் 5 மணிக்கு எழுப்பினோம். நடுவில் மூன்று தடவை ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

ஏறினவர்களாவது சந்தோஷமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏறாம போறதா" என்று இவர், என் வீட்டுக்காரர், என்னை ஒரு சுற்றும் கோப்பையில் ஏற்றிவிட, மீதி நாள் முழுக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு நடந்தேன். சின்னவளுக்கு அப்போது நாலு வயது. அவளைச் சமாதானப்படுத்த யாராவது ஒருவர் வரிசையை விட்டு வெளியே வர, அந்த ஒருவருக்காக மற்றவர்களும் வெளியே வர, பெரியவன் ஆசைப்பட்டதில் பாதிகூட ஏறவில்லை. திரும்பும்போது வேனில் ஒரு சத்தமில்லை. ஏறினவர்களுக்கு ஏறினது போதவில்லை. ஏறாதவர்களுக்கு எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை.

போன மே மாதம் சிங்கப்பூர் போனபோது இந்தக் கதை மறுபடி நடக்கக் கூடாது என்று நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அந்த நோட்டின் கதைதான் இந்தப் பதிவு. உங்கள் வீட்டிலும் ஒருவர் தலைகீழாகத் தொங்க ஆசைப்படுபவர், ஒருவர் ராட்டினத்தைப் பார்த்தாலே கண்ணை மூடுபவர் என்று இருந்தால் ஏதாவது பயன்படலாம்.

கொல்லிமலைப் பரீட்சை

திருச்சிக்காரர்களுக்கு சிங்கப்பூர் ரொம்ப தூரம் இல்லை. நேரடி விமானம் இருக்கிறது, தெருவுக்கு ஒரு வீட்டில் யாராவது அங்கே வேலை பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு என் தங்கை. செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு ஒரு நாள் என்று முடிவானதும் வீடியோ காலில் அவள் கேட்டாள்:

"அக்கா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி யாரு யாரு எதுல ஏறுவீங்கன்னு சொல்லு."

"எல்லாத்துலயும்" என்றான் பெரியவன். "நானும்" என்றார் இவர். "நானும்" என்றாள் சின்னவள், எதற்கு என்றே தெரியாமல். அம்மா அடுப்படியிலிருந்து, "நான் பையைப் பாத்துக்கறேன்" என்றாள்.

நேராகக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். ஆண்கள் வீரம் பேசுவார்கள், பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்துவார்கள், வயதானவர்கள் கேட்பதற்கு முன்பே ஒதுங்கிவிடுவார்கள். அதனால் நான் கேள்வியை மாற்றினேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கொல்லிமலை வரலாறு உண்டு. மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. அதில் யார் எந்த வளைவில் என்ன ஆனார்கள் என்று எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இவர் 70 வளைவையும் விசிலடித்துக்கொண்டே ஓட்டுவார். ஆனால் ஒருமுறை பின் சீட்டில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்தபோது இருபதாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிட்டது. நான் முன் சீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தூரத்தைப் பார்த்தபடி வந்தால் தாங்குவேன். பெரியவன் தூங்கிவிடுவான். சின்னவள் வாந்தி எடுத்த மறு நிமிஷம் முறுக்கு கேட்பாள். அம்மாவுக்கு வளைவு ஒரு பொருட்டே இல்லை. ஓரத்தில் பள்ளம் தெரிந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அறப்பளீசுவரரைக் கூப்பிடுவாள்.

எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் எல்லோரும் "மாட்டேன்" என்கிற ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொருவருக்கும் அது வேறு இடத்திலிருந்து வருகிறது.

மூன்று மாட்டேன்

முதல் மாட்டேன் மனசிலிருந்து வருவது. உயரம், இருட்டு, சத்தம், கட்டிப்போட்டது மாதிரி உட்காருவது என்று பயத்துக்குள்ளேயே பல வகை. அம்மாவுக்கு உயரம், சின்னவளுக்கு உயரம் பரவாயில்லை, திடீர்ச் சத்தம்தான் ஆகாது.

இரண்டாவது காதிலிருந்து வருவது. இது கோழைத்தனத்தில் சேர்த்தி இல்லை, நம் உடம்பின் அமைப்பு. உட்காதில் அரைவட்டமாக மூன்று குழாய்கள், உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் சுழன்றாலும் அது மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே மணல் மாதிரி நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள். ஏறுவதை, இறங்குவதை, வேகம் கூடுவதை அவை சொல்லும். காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொன்னால் மூளை குழம்பும். குழப்பத்தின் பலனை வயிறு அனுபவிக்கும். ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு முன்னாலேயே தெரியும், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகாது. பின் சீட்டில் போன் பார்ப்பவருக்குக் கண் அசையவில்லை என்கிறது, காது அசைகிறது என்கிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அதிகம்.

இதைப் புரிந்துகொண்டால் பூங்காவில் பல மர்மங்கள் விளங்கும். ரோலர் கோஸ்டர் பார்க்கத்தான் பயங்கரம். ஓரிரு நிமிஷத்தில் முடிந்துவிடும், கண்ணும் காதும் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்லும். சாதுவாகத் தெரியும் சுற்றும் கோப்பைதான் என் போன்றவர்களின் எமன். பெரிய திரைக்கு முன்னால் இருக்கை மட்டும் குலுங்கும் சவாரிகள் இன்னொரு ரகம். அங்கே கண் பறக்கிறது, உடம்பு அவ்வளவு பறப்பதில்லை. கொலம்பஸ் கப்பலில் இரண்டு முனையிலும் உட்கார்ந்தால் ஆட்டம் முழுசாகக் கிடைக்கும். நடுவில் உட்கார்ந்தால் பாதிதான். ஒரே கப்பலில் ஒருவர் ஓரத்திலும் ஒருவர் நடுவிலும் உட்கார்ந்து இரண்டு பேருமே சந்தோஷமாக இறங்கலாம். இது தெரியாமல் எத்தனை பொருட்காட்சியை வீணடித்திருக்கிறோம்!

மூன்றாவது உடம்பிலிருந்து வருவது. கழுத்து எலும்புத் தேய்மானம், முதுகு வலி, இதயக் கோளாறு, கர்ப்பம். இதற்குத் தைரியமும் மருந்து இல்லை, எலுமிச்சையும் மருந்து இல்லை. சவாரி வாசலில் இருக்கும் எச்சரிக்கைப் பலகை இவர்களுக்காகத்தான். அதைப் படித்துவிட்டு "பரவால்ல, ஒரு தடவதானே" என்று சொல்பவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவரை அடக்க வேண்டும்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பயத்துக்குச் சின்னதிலிருந்து பெரியதுக்குப் படிப்படியாகப் போகலாம், அல்லது போகாமலே இருக்கலாம். காதுக்கு, காலி வயிறும் கூடாது, முட்டச் சாப்பிட்டதும் கூடாது. இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். பஸ் பயணத்துக்கு நாம் போடும் அவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். மற்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும், பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே போங்கள். உடம்பு சொல்லும் மாட்டேனுக்கு ஒரே பதில், சரி.

கதவு நிலையில் ஒரு கோடு

பிள்ளைகள் இருந்தால், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே உயரத்தை அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல், கொண்டையில்லாமல். நாலு மணி நேர விமானமோ எட்டு மணி நேர ரயிலோ ஏறிப் போய், வரிசையின் முனையில் அளவுகோலுக்கு அடியில் நிறுத்தி "உனக்கு இல்லை" என்று ஒரு பிள்ளை கேட்பது கொடுமை.

சின்னவளுக்கு இப்போது ஏழு வயது. அடுப்படிக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 121 சென்டிமீட்டர்.

யூனிவர்சலில் கணக்கு இப்படி. கானப்பி ஃபிளையர் என்கிற தொங்கு சவாரிக்கு 92 போதும். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. வட்டப் படகில் உட்கார்ந்து ஆற்றில் போகும் ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸுக்கு 107. இருட்டுக்குள் ஓடும் மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125.

மம்மிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் குறை. அழப்போகிறாள் என்று நான் சமாதான வார்த்தையெல்லாம் தயார் செய்துகொண்டு திரும்பினால், அவள் எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டாள். வாசலில் நின்று அவள் சொல்வது கேட்டது: "எனக்கு ஹைட் பத்தாதாம்! விடமாட்டாங்களாம்!" குரலில் வருத்தம் இல்லை. பரீட்சை ரத்தாகிவிட்டது என்று சொல்லும் பிள்ளையின் குரல் அது.

அப்போது எனக்கு அது சரியாகப் புரியவில்லை.

தெப்பக்குளத்தைச் சுற்றி

யூனிவர்சல் பூங்காவைப் பற்றி ஒரு நல்ல விஷயம், அது ரொம்பப் பெரியதில்லை. சுமார் 20 ஹெக்டேர். நடுவே ஒரு நீர்ப்பரப்பு, அதைச் சுற்றி வளையமாக ஹாலிவுட், நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து என்று பகுதிகள். தங்கை வரைபடத்தை அனுப்பியதும் அம்மா பார்த்துவிட்டு, "நம்ம தெப்பக்குளம் மாதிரிதான்டி இருக்கு" என்றாள். அவ்வளவுதான், எங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. மலைக்கோட்டை அடிவாரத்தில் தொலைந்துபோன யாரையும் தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தால் பிடித்துவிடலாம். அதே போல, எங்கே பிரிந்தாலும் நீர்க்கரையோரம் ஒரு இடத்தில் சேருவது என்று வைத்துக்கொண்டோம்.

ஆமாம், பிரிவது. திட்டத்தின் உயிரே அதுதான். எங்கள் வீட்டில் "குடும்பத்தோடு போறோம்" என்றால் ஏழு பேரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம். ஒன்றாகப் போவது வேறு, ஒன்றாக ஏறுவது வேறு என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதினேன். ஒரு நாளில் மூன்று வேளை எல்லோரும் ஒன்றாக இருப்பது: காலை வாசல், மதியச் சாப்பாடு, சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம். மற்ற நேரத்தில் அவரவர் ஜோடியோடு அவரவர் பாதை.

பெரிய சவாரிக்காரர்கள் மூன்று பேர்: இவர், பெரியவன், தங்கை வீட்டுக்காரர். வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் விலை அதிகம். அதை எல்லோருக்கும் வாங்கினால் அம்மாவுடைய பாஸ் கைப்பைக்குள்ளேயே தூங்கும். அவர்கள் மூன்று பேருக்கு மட்டும் வாங்கலாமா என்று யோசித்தோம். கடைசியில் அதுவும் வேண்டாம், தனியாள் வரிசை போதும் என்று முடிவு. பெரிய சவாரிகள் சிலவற்றில், தனித்தனியாக உட்காரச் சம்மதிப்பவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. காலியாகும் ஒற்றை இருக்கையில் உட்கார வைப்பார்கள். சாதாரண வரிசையைவிடப் பல நேரம் சீக்கிரம் நகரும். பயமில்லாதவனுக்குப் பக்கத்தில் அப்பா எதற்கு?

அடுத்தது வானம். சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். மின்னல் அபாயம் என்றால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் வெளியே இருப்பதெல்லாம் காலையில், கூரைக்குள் இருப்பதெல்லாம் மதியத்துக்கு மேல். மே கடைசியில் அங்கே பள்ளி விடுமுறை ஆரம்பிப்பதற்குள், வார நடுவில் ஒரு நாள்.

கடைசியாக, நோட்டில் ஒரு தனிப் பக்கம். தலைப்பு: பை முறை.

தண்ணீர், மாற்றுத்துணி, அம்மாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் சேர்த்து இரண்டே பை. அந்த இரண்டையும் யார் எந்த நேரத்தில் பார்த்துக்கொள்வது என்று எழுதி வைத்தேன். ஒருவருக்கு நாற்பது நிமிஷம். பெரியவன் பெயரும் உண்டு, மாப்பிள்ளைகள் பெயரும் உண்டு. அம்மாவுக்கும் ஒரே ஒரு முறைதான். "எதுக்குடி இதெல்லாம், நான் சும்மாதானே இருக்கப் போறேன்" என்றாள். "நீ சும்மா இருக்க வரலம்மா" என்றேன். அவளை என்ன பார்க்க ஆசை என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உக்காந்துகிட்டே மெதுவா போற மாதிரி ஏதாச்சும் இருந்தா" என்றாள். அறுபத்தாறு வயதில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். நானும் கேட்க நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

அந்த நாள்

காலையில் தங்கை வீட்டிலிருந்து புளியோதரை. வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று அவள் சொல்லியிருந்ததால் வாசலுக்கு வெளியே கரையோரத்தில் உட்கார்ந்து அளவாகச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம்.

மூவர் அணி நேராக கலாக்டிகாவுக்கு ஓடியது. அருகருகே இரண்டு தண்டவாளம். ஒன்றில் சாதாரணமாக உட்கார்ந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். இன்னொன்றில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தலைகீழாகச் சுழல வேண்டும். இரண்டும் நடுவானில் ஒன்றை ஒன்று உரசுவது மாதிரி பாய்ந்து விலகும். சட்டைப்பையில் இருப்பதைக்கூட லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நாங்கள் கீழே நின்று பார்த்தோம். முன் வரிசையில் உட்கார்ந்தால் எதிரே ஒன்றுமில்லாமல் வானம் தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் உச்சியைத் தாண்டும்போது முன்னால் போன பெட்டிகள் வெடுக்கென்று இழுக்கும். பெரியவன் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தான்.

இவர் சின்னவளுக்கு ரோலர் கோஸ்டரின் பூர்வீகம் சொன்னார். 1884இல் நியூயார்க் பக்கம் கோனி ஐலண்டில் தாம்சன் என்பவர் போட்ட முதல் சவாரி மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போனதாம், கட்டணம் ஐந்து சென்ட். அம்மா குறுக்கே வந்தாள்: "அது இப்ப இருந்தா நான் போவேன்."

கானப்பி ஃபிளையர் வரிசையில் சின்னவள் உற்சாகமாகத்தான் நின்றாள். கடைசிப் படியில் என் விரலை இறுக்கினாள். "வேணாம்." நோட்டில் ஒரு சட்டம் இருந்தது: முதல் வேணாமுக்கே திரும்பிவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, "பார், அந்தக் குட்டிப் பாப்பாகூட போகுது" என்று சொல்லவே கூடாது. இருபது நிமிஷம் நின்ற கால் வலித்தது, இருந்தும் திரும்பினோம். மதியத்துக்கு முன்னால் அவளே, "அந்தப் படகு போலாமா?" என்றாள். வட்டப் படகில் நனைந்து, கடைசிச் சரிவில் என் காதருகே அலறி, இறங்கியதும் இன்னொரு தடவை என்றாள். காலையில் கட்டாயப்படுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. அம்மா எச்சரிக்கைப் பலகையில் கழுத்து, முதுகு என்று இருந்ததைத் தானே பார்த்துவிட்டுக் கரையிலேயே நின்று கையசைத்தாள்.

இவர் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஏறினார். முப்பரிமாணக் கண்ணாடி, பெரிய திரை, குலுங்கும் வண்டி. நான் முன்னாலேயே எச்சரித்திருந்தேன், கொல்லிமலையில் போன் பார்த்தது நினைவிருக்கட்டும், முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று. "நான் தலைகீழா தொங்கிட்டு வந்தவன்" என்றார். வெளியே வரும்போது யாரோடும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டினார். இஞ்சி மரப்பாவை வைத்தேன்.

அடுத்து மம்மி. எகிப்துப் பகுதியில் பிரம்மாண்டச் சிலைகள், உள்ளே இருட்டு. வண்டி ஓரிடத்தில் பின்னோக்கியும் ஓடும். வாசல் வரை பேசிக்கொண்டே வந்த பெரியவன் அந்த இருட்டைப் பார்த்ததும் அமைதியானான். பிறகு திரும்பி என்னிடம், "அம்மா, இப்ப பை முறை யாருது?" என்றான்.

தங்கை வீட்டுக்காரருடையது. நோட்டில் தெளிவாக எழுதியிருந்தது.

"உன்னுதுதான் கண்ணு" என்றேன்.

தங்கை வீட்டுக்காரர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் பையை அவன் தோளில் மாட்டிவிட்டுப் போனார். பதின்மூன்று வயதுப் பையன், காலையில் தலைகீழாகச் சுழன்று வந்தவன், இருட்டுக்குப் பயம் என்று எப்படிச் சொல்லுவான்? ஆனால் "எனக்கு முறை இருக்கு" என்று சொல்லலாம். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. அம்மா வருஷக்கணக்காகச் செய்த வேலை, அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது.

நாற்பது நிமிஷம்

மதியத்துக்கு மேல் என் முறை. இரண்டு பையோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். மூவர் அணி காலையில் விட்டுப்போன வெளிச்சவாரி ஒன்றுக்குப் போனது, போன்கள் லாக்கரில். பக்கத்துப் பெஞ்சில் ஒரு மலாய்ப் பாட்டி, மடியில் மூன்று தொப்பி. அந்தப் பக்கம் குழந்தை வண்டியோடு ஒரு சீனத் தகப்பன், தோளில் இரண்டு பை, கையில் யாரோ பாதி குடித்த ஜூஸ். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எல்லா ஊரிலும் எங்கள் சங்கத்துக்குக் கிளை இருக்கிறது.

முதல் இருபது நிமிஷம் சுகமாக இருந்தது. அப்புறம் மேகம் கறுத்தது. மின்னலுக்காகச் சவாரியை நிறுத்திவிட்டார்கள். வரிசையில் நிற்பவர்கள் நிற்கிறார்களா, வெளியே வருகிறார்களா, தெரியவில்லை. நாற்பது நிமிஷம் ஆனது. ஐம்பது ஆனது. கழிப்பறைக்குப் போகலாமா என்றால், அந்த நேரம் பார்த்து அவர்கள் வந்துவிட்டால்? காபி வாங்கலாமா என்றால், எழுந்தால் இடம் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து நனைந்து சிரித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தின் அளவு எனக்கே புதுசு.

அந்த மழை நேரத்தில்தான் அம்மாவும் சின்னவளும் தங்கையோடு நிறம் நிறமாய் இருக்கும் செசமி ஸ்ட்ரீட் சவாரிக்குள் இருந்தார்கள். கூரைக்குள், இருட்டில், பொம்மைகளுக்கு நடுவே தொங்கியபடி மெதுவாகப் போகும் வண்டி. உட்கார்ந்துகிட்டே மெதுவா போற மாதிரி. இரண்டு தடவை போனார்களாம். இரண்டாவது தடவை கேட்டது சின்னவள் இல்லை என்று தங்கை காதில் சொன்னாள்.

ராத்திரி தங்கை வீட்டில் ரசம் சாதம் பிசைந்துகொண்டே என் பெஞ்சுக் கதையைப் புலம்பினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"பை பாத்துக்கறது ஒண்ணும் கஷ்டமில்லடி. எப்ப வருவீங்கன்னு தெரியாம உக்காந்திருக்கிறதுதான்."

யாரையும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள். அவ்வளவு நாள் நான் நினைத்திருந்தது, ஏற முடியாததுதான் அவளுக்குக் குறை என்று. அது இல்லை. வேப்பமரத்தடியில் அந்த ஆறு மணி நேரமும் அவள் எழுந்திருக்கவே முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். "பன்னெண்டேகாலுக்கு வருவோம்மா, அதுவரைக்கும் நீ போய்ச் சுத்திப் பாரு, பை லாக்கர்ல இருக்கட்டும்" என்று ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே, நீங்கள் இந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவர்களுக்குத் திட்டம் போட இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் காத்திருப்பவர்களுக்குப் போடுங்கள். நிழல் எங்கே, கழிப்பறை எவ்வளவு தூரம், என்ன வாங்கிச் சாப்பிடலாம், எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள், வர முடியாவிட்டால் யார் வந்து சொல்வார்கள். அடுத்த முறை எங்கள் மூவர் அணியில் ஒருவர் போனோடு வெளியே நிற்பார், நான் நோட்டில் சேர்த்துவிட்டேன்.

122

ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தானாகவே அடுப்படிக் கதவு நிலையில் போய் நின்றாள். பென்சிலை எடுத்தேன். பழைய கோட்டுக்கு மேலே, நகத்தளவு தள்ளிப் புதுக்கோடு. 122.

"இப்ப மம்மிக்கு விடுவாங்களா?"

"விடுவாங்க."

கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் எதிர்வீட்டுக்கு ஓடியது எதற்கென்று அப்போது எனக்கு விளங்கியது. அதுவரை அவளுக்காக ஒரு அளவுகோல் "மாட்டேன்" சொல்லிக்கொண்டிருந்தது. பெரியவனுக்குப் பை முறை சொன்னது. இவருக்கு மரப்பா சொன்னது. அம்மாவுக்கு மட்டும் அப்படி எதுவும் தேவைப்படவில்லை, அவளை யாரும் கேட்டதே இல்லை என்பதால்.

"நான் கண்டிப்பா ஏறணுமா?" என்றாள் சின்னவள்.

"உன் இஷ்டம். வேணாம்னா வேணாம்னு நீயே சொல்லலாம்."

"அப்ப நீ என்கூட நிப்பியா?"

"நிப்பேன்."

"எவ்ளோ நேரம்?"

அவளுடைய அம்மாச்சி அடுப்படிக்குள்ளிருந்து சிரிப்பது கேட்டது.